அக்காவுக்கு ஒன்றும் தெரியாது

அக்காவிடம் யாராவது சேலை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் பத்து நிமிடம் போயிற்று.

"ஐயோ, இதுங்களா? இது பழசுங்க. சாயம் எறங்கிப்போச்சு. என் தங்கச்சிக்கு எடுத்தது, அவளுக்குக் கலர் புடிக்கலன்னு போட்டுட்டா. இங்க பாருங்க, கரையில நூல் விட்டிருக்கு" என்று ஆரம்பித்து, முந்தானையை விரித்து, நம் கண்ணில் படாத கிழிசலையெல்லாம் தேடி எடுத்துக் காட்டுவார். நாம் சொன்ன நல்ல வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்வரை விடமாட்டார். "சரிக்கா, சேலை நன்னாவே இல்ல, போருமா?" என்று ஒரு நாள் நான் கத்தியே விட்டேன். அப்போதுதான் நிம்மதியாகச் சிரித்தார்.

ஐம்பதுகளின் கடைசியில் திருச்சியில் நான் டெலிபோன் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அக்காவுக்கு முப்பது இருக்கும். எக்ஸ்சேஞ்சில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் அவர் அக்கா. அவரோ எங்கள் எல்லோரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். "என்னைவிடப் பதினோரு வயசு பெரியவங்க நீங்க, வா போன்னு சொல்லுங்களேன்" என்று கெஞ்சிப் பார்த்தேன். "நீங்கல்லாம் படிச்சவங்க" என்றார். அவர் படித்ததும் நான் படித்ததும் ஒரே எஸ்.எஸ்.எல்.சி.தான். மார்க்கும் அவருக்குத்தான் கூட.

அந்த நாளில் ஒருவர் தானாக நம்பரைச் சுழற்றி இன்னொருவரோடு பேச முடியாது. போனை எடுத்தால் எங்கள் போர்டில் ஒரு சின்ன விளக்கு எரியும். நாங்கள் நம்பரைக் கேட்டு, கயிற்று முனையில் இருக்கும் பிளக்கைச் சரியான துளையில் செருக வேண்டும். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து, தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, நாள் முழுக்க இதே வேலை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், ஓர் ஆஸ்பத்திரி டாக்டர் மதராஸோடு பேசிக்கொண்டிருந்த அவசர காலின் கயிற்றை நான் பிடுங்கிவிட்டேன். டாக்டர் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கிழித்துவிட்டார். சூப்பர்வைசர் எங்கள் பின்னால் வந்து நின்றுகொண்டு, "யார் பண்ணது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்து, "என் கை பட்டுடுச்சுங்க" என்றார்.

அவர் உட்கார்ந்திருந்தது போர்டின் அந்தக் கோடியில். நான் இந்தக் கோடியில். அவ்வளவு நீளமான கை உலகத்தில் யாருக்கும் கிடையாது. சூப்பர்வைசருக்கும் அது தெரியும், ஆனாலும் அக்காவைத்தான் திட்டினார். திட்டுவதற்கு வாகான ஆள் அவர்தான். சாப்பாட்டு நேரத்தில் நான் போய், "ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க? நான் ஒத்துண்டிருப்பேனே" என்றேன். "எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கங்க. உங்களுக்குப் புதுசு, கஷ்டமா இருக்கும்" என்றார். நன்றி சொல்லப் போனவள் எரிச்சலோடு திரும்பினேன்.

எங்கள் வீட்டில் எனக்குப் பழக்கமானது வேறு. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் இருந்தோம். நான் ஐந்து வயதில் ஆங்கிலப் பத்திரிகையின் தலைப்பை எழுத்துக்கூட்டிப் படித்ததை என் அப்பா எனக்கு இருபது வயதாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கோலம் கோணலாக வந்தால், "கொழந்தை புதுசா ஒண்ணு போட்டிருக்கா பாருங்கோ" என்பார். ரசத்தில் உப்பு மறந்துபோனால், "இதுதான்டி உடம்புக்கு நல்லது" என்பார். இப்படி வளர்ந்ததால் நான் கெட்டிக்காரி என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. வந்திருக்கலாம், நியாயமாக.

அக்கா வளர்ந்த விதத்தை ஒரு பொங்கலுக்கு அடுத்த நாள் காட்டூரில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். அக்காவின் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கெட்ட மனசு துளியும் இல்லை. என்னை உட்காரவைத்து, கரும்பு வெட்டிக் கொடுத்து, மரியாதையாகப் பேசினார். பேசியதில் முக்கால்வாசி அக்காவைப் பற்றித்தான்.

"இது மூணாவதும்மா. சின்னதுலேந்தே கொஞ்சம் மந்தம். மூத்தவன்தான் புத்திசாலி. இது என்னமோ போன்ல ரெண்டு வார்த்தை பேசுது, சர்க்கார்ல சம்பளம் குடுக்கறாங்க. நீங்கதான் பாத்துக்கணும்."

அந்தப் புத்திசாலி அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி.யை மூன்று தடவை எழுதியும் தேறாமல் சைக்கிள் கடை வைத்திருந்தார். அக்கா இதையெல்லாம் கேட்டபடி சிரித்துக்கொண்டே நின்றார். அப்போது வீட்டில் விளக்கு அணைந்துவிட்டது. "ஏ டாக்டரம்மா, ப்யூஸ் போயிடுச்சு பாரு" என்று அப்பா கூப்பிட்டார். அக்கா ஸ்டூலைப் போட்டு ஏறி, பல்லால் ஒயரைக் கடித்து, புதுக் கம்பியைச் சுற்றிப் போட்டார். விளக்கு எரிந்தது. அதன் வெளிச்சத்தில் அப்பா பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "அதாம்மா, இதுக்கு ஒண்ணும் தெரியாது. வெகுளி."

டாக்டரம்மா என்பதை ஏதோ செல்லப் பேர் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ் நிறுத்தம்வரை அக்காவின் தங்கை கூட வந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். "அக்காவுக்கு எத்தனை எடம் வந்துச்சு தெரியுங்களா? கடைசியா வந்தவங்க, சமைக்கத் தெரியுமான்னு கேட்டாங்க. சுமாராத்தாங்க வரும்னு சொல்லுச்சு. தைக்கத் தெரியுமான்னாங்க. அதுவும் சுமார்தான்னுச்சு. மாப்பிள்ளையோட அம்மா, எங்களுக்கு எதுக்கும்மா எல்லாத்துலயும் சுமாரான பொண்ணுன்னு கேட்டுட்டு எந்திரிச்சுட்டாங்க. அவங்க தின்ன பஜ்ஜியே அக்கா போட்டதுதான். ரெண்டாந்தடவை கேட்டு வாங்கித் தின்னாங்க." அவள் சொன்ன விதத்தில் சிரிப்பு வந்தது. பஸ்ஸில் ஏறிய பிறகு சிரிக்க முடியவில்லை.

ஆனால் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் அவர் வேறு ஆள். இதை நான் மட்டும் கவனித்திருக்கிறேனோ என்னவோ. முகம் தெரியாதவர்களிடம் பேசும்போது அந்த இழுவையும் குழைவும் இருக்காது. நாங்கள் குருவி மாதிரி கத்துகிற இடத்தில் அவர் தணிந்த குரலில் நிறுத்திப் பேசுவார். எதிர்முனையில் கத்திக்கொண்டிருந்தவர்கள் தாமாகவே குரலைத் தணித்துக்கொள்வார்கள்.

ஓர் ஐப்பசியில் விடாமல் மழை பெய்து கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறியது. முக்கொம்பில் மதகுகளைத் திறந்துவிட்டார்கள். வடகரையில் ஆற்றோரமாக இருக்கிற ஊர்களைப் பிற்பகல் இரண்டு மணிக்குள் காலி செய்யவேண்டும் என்று காலை ஒன்பது மணிக்குச் செய்தி வந்தது. செய்தி வந்த பத்தாவது நிமிடம் கொள்ளிடத்தைத் தாண்டிப் போகிற லைன் எல்லாம் செத்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அக்கா போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேற்கே கரூருக்குக் கயிற்றைப் போட்டார். கரூர் ஆபரேட்டரிடம் நாமக்கல் கேட்டார். நாமக்கல்லிடம் துறையூர். துறையூரிலிருந்து தெற்கே மண்ணச்சநல்லூர். ஆற்றைத் தாண்ட முடியாததால் நாலு ஊரைச் சுற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய்விட்டார். அந்த வழி எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

மண்ணச்சநல்லூரில் அவர் கேட்டது ஓர் அரிசி ஆலையின் நம்பரை. ஏன் ஆலை என்று எனக்குப் புரியவில்லை.

"ஐயா, திருச்சி எக்ஸ்சேஞ்ச் பேசறேன். கொள்ளிடம் ஏறுது. கரையோரத்து சனங்களை ரெண்டு மணிக்குள்ள கெளப்பணும். உங்ககிட்ட நாலு லாரி இருக்கு. மூட்டைய எறக்கிப் போட்டுட்டு உடனே அனுப்புங்க. பக்கத்து மில்லுலயும் சொல்லுங்க. நான் லைன்ல இருக்கேன்."

சாயங்காலம்வரை அவர் எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து கால் விவரங்களைச் சீட்டில் எழுதினேன், தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. அந்தக் கரையில் வீடுகள் போயின, மாடுகள் போயின. லாரிகள் போய்ச் சேர்ந்த ஊர்களில் மனித உயிர் ஒன்றுகூடப் போகவில்லை.

அடுத்த வாரம் பெரிய அதிகாரி ஒருவர் நேரில் வந்தார். எங்களை வரிசையாக நிற்கவைத்து, "அன்னிக்கு அந்த போர்டுல இருந்தது யாரு?" என்று கேட்டார். அக்கா என் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார். "இவங்கதாங்க எல்லாத்தையும் பாத்துக்கிட்டாங்க. நான் சும்மா பிளக்கை மாத்தி மாத்திப் போட்டேன்."

"இல்ல சார், அக்காதான்" என்றேன். ஒரு தடவை சொன்னேன். அதிகாரி, "அடக்கமும் இருக்கு" என்று சிரித்துவிட்டு என் பேரை எழுதிக்கொண்டார். இரண்டாவது தடவை நான் சொல்லவில்லை. அதை எத்தனையோ விதமாக எனக்கு நானே விளக்கிப் பார்த்துவிட்டேன். எதுவும் எடுபடவில்லை.

பாராட்டுக் கடிதம் என் பேருக்கு வந்தது. அப்பா அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார். நாலு வருஷம் கழித்து சூப்பர்வைசர் வேலை காலியானபோது அக்கா விண்ணப்பமே போடவில்லை. "நமக்கெல்லாம் எதுக்குங்க" என்றுவிட்டார். அந்தக் கடிதத்தின் பலத்தில் எனக்குக் கிடைத்தது. இருபத்தாறு வயதில் நான் அக்காவுக்கு மேலதிகாரி. என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு எதிரே கைகட்டி நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அக்காவின் மனசில் ஒரு நல்ல ஆபரேட்டர் உண்டு. அது அவரில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்தபோது சூப்பர்வைசராக இருந்த ஓர் ஆங்கிலோ இந்திய மேடம். "அந்த மேடம் மாதிரி வருங்களா? ஒரு நேரத்துல ஆறு கால் போடுவாங்க. நானெல்லாம் அவங்க கால் தூசி" என்பார். அக்கா ஒரே நேரத்தில் எட்டுப் போடுவதை நான் எண்ணியிருக்கிறேன். சொன்னால், "இப்ப போர்டு நல்ல போர்டுங்க" என்று போர்டைப் பாராட்டுவார்.

அந்த மேடம் ஓய்வு பெற்று பொன்மலையில் இருந்தார். மகனோடு ஆஸ்திரேலியா போகப்போவதாகக் கேள்விப்பட்டு, போவதற்கு முன்னால் ஒரு தடவை பார்க்கப் போனேன். பேச்சுவாக்கில் அக்காவின் பேரைச் சொன்னேன். மேடம் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்தக் காட்டூர் பொண்ணா? மை காட்! என் சர்வீஸ்ல அவ மாதிரி ஒரு ஆபரேட்டர் நான் பாத்ததில்ல."

"நீங்க அவங்ககிட்ட அதைச் சொல்லியிருக்கீங்களா மேடம்?"

"நோ, நோ. சொன்னா தலைக்கனம் வந்துடும்னு பயந்தேன்."

தலைக்கனம்! அக்காவுக்கு! எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரே குதூகலம். மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கி எக்ஸ்சேஞ்சுக்கு ஓடினேன். அக்காவைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், மேடம் சொன்னதை ஓர் எழுத்து விடாமல் சொன்னேன். அக்கா முகம் ஒரு நொடி மலர்ந்தது. அந்த ஒரு நொடிதான்.

"பாவம், அவங்களுக்கும் வயசாயிடுச்சில்ல. வேற யாரையோ நெனச்சுக்கிட்டுச் சொல்லியிருப்பாங்க."

"உங்க பேரைச் சொல்லித்தான்க்கா கேட்டேன்! காட்டூர் பொண்ணுன்னு அவங்களே சொன்னாங்க!"

"காட்டூர்லேந்து எனக்கு முன்னாடி ஒருத்தங்க வந்தாங்க போலிருக்கு."

பழைய ஆட்களிடம் விசாரித்தேன். காட்டூரிலிருந்து வேறு ஒருத்தியும் வந்ததில்லை.

இதற்குப் பிறகும் நான் பொறுமையாக இருந்தேன் என்றால் அது பொய். வருஷாவருஷம் ஒவ்வொரு ஆபரேட்டரைப் பற்றியும் நான் மேலே குறிப்பு எழுதி அனுப்பவேண்டும். அக்காவைப் பற்றி, இந்த எக்ஸ்சேஞ்சிலேயே மிகத் திறமையானவர் என்று எழுதினேன். ரகசியமாக வைத்திருக்க வேண்டியதை, என் அதிகப்பிரசங்கித்தனத்தால் அவருக்கே படித்துக் காட்டினேன். மறுநாள் மத்தியானம் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"அந்தக் குறிப்புல அந்த 'மிக'வை எடுத்துடுங்களேன்."

"ஏன்?"

"நாளைக்கு மேலேயிருந்து யாராச்சும் வந்து பாத்தா உங்களுக்குத்தான் கெட்ட பேரு. திறமைங்கறதையும் எடுத்துட்டா நல்லது. பரவாயில்லன்னு போட்டுடுங்க."

கோபம் வந்தால் எனக்கு வீட்டுப் பேச்சு வந்துவிடும். "எடுத்துடறேன்! எல்லாத்தையும் எடுத்துடறேன்! உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுதான். இத்தனை வருஷமா ஏதோ குருட்டாம்போக்குல ஓட்டிண்டிருக்கேள். எந்தக் காரியத்துக்கும் லாயக்கில்லாத மனுஷின்னே எழுதிடறேன், திருப்திதானே?" பேனாவை எடுத்து அந்த வரியின்மேல் கோடு போடவும் போட்டேன்.

அக்கா என் எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அதுவரை என் முன்னால் அவர் உட்கார்ந்ததே கிடையாது.

"குருட்டாம்போக்குன்னு சொல்லாதீங்க" என்றார். போர்டில் பேசுகிற குரல். "மழை வந்தா எந்த லைன் மொதல்ல போகும்னு இஞ்சினீருக்கு முன்னாடி எனக்குத் தெரியும். இரைச்சலை வெச்சே எந்த ஊர் லைன்னு சொல்லுவேன். நீங்க சேந்த மொத வருஷம் நாப்பத்தோரு கால் தப்பாப் போட்டீங்க. ஒவ்வொண்ணையும் நான்தான் பின்னாலேயே சரி பண்ணேன். வெள்ளத்தன்னிக்கு அக்கரைக்கு லைன் போட்டது யாருன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்."

நான் பேனாவை வைத்துவிட்டேன்.

"தெரிஞ்சும் ஏன்க்கா இப்படி..."

"தெரியும்னு சொன்னா சிரிப்பாங்க" என்றார். "ஆறாங்கிளாஸ்ல நான் மொதல் மார்க்கு வாங்கினேன். பெரியவளானா டாக்டராவேன்னு வீட்டுல சொன்னேன். அன்னிலேந்து, டாக்டரம்மா சாணி அள்ளு, டாக்டரம்மா தண்ணி எடுத்தா. விளையாட்டுக்குத்தான். கெட்ட எண்ணம் இல்ல. நானும் சேந்து சிரிச்சுட்டேன்னா வலிக்காதுன்னு கண்டுபுடிச்சேன். இப்ப முப்பத்தேழு வயசாச்சு. இன்னும் கூப்புடறாங்க."

போர்டில் விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. எழுந்து போர்டுக்குப் போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கூடத்தில் மாட்டியிருந்த கடிதத்தைக் கழற்றினேன். அப்பா பதறிப்போய் வந்தார். இது என்னுடையது இல்லை, நான் சும்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பக்கத்துல உக்காந்திருந்தியோல்லியோ? அந்த நேரத்துல பயப்படாம உக்காந்திருக்கறதே பெரிய காரியம்டி" என்றார்.

அழுதுகொண்டுதான் உட்கார்ந்திருந்தேன் என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை. காட்டூரில் ஓர் அப்பா, ஸ்ரீரங்கத்தில் ஓர் அப்பா. இரண்டு பேரையும் ஒரு வாரத்துக்கு மாற்றிப் போட்டால் தேவலை என்று தோன்றியது.

அடுத்த நாள் காலையில் அக்கா எனக்கு முன்னால் வந்து காத்திருந்தார். "நேத்து என்னமோ உளறிட்டேங்க. மனசுல வெச்சுக்காதீங்க. எனக்கு என்னங்க தெரியும்." இன்னொரு தடவை சொல்லியிருந்தால் கையில் கிடைத்ததை எடுத்து வீசியிருப்பேன். அந்தக் குறிப்பை மட்டும் வேறு தாளில் புதிதாக எழுதினேன், ஒரு 'மிக'வைக் கூடுதலாகப் போட்டு. கடிதத்தில் பேர் மாறிய கதையையும் விவரமாக எழுதி மேலே அனுப்பினேன். அதற்கு யாரும் பதில் போடவில்லை.

ஒரு வருஷம் கழித்துத் தஞ்சாவூரில் சூப்பர்வைசர் வேலை காலியாயிற்று. விண்ணப்பத் தாளை அக்காவின் போர்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். மூன்று நாள் அது அங்கேயே கிடந்தது. நாலாவது நாள் என் மேஜைக்கு வந்தது. தன்னுடைய வேலைத் திறமையைப் பற்றி எழுதவேண்டிய கட்டம் மட்டும் காலி. கூடவே ஒரு துண்டுச்சீட்டு. "இத இங்கிலீஷ்ல நீங்க எழுதிக் குடுத்துடுங்க. எனக்கு இங்கிலீஷ் சரியா வராது." டெல்லிக்காரர்களோடு நாள் முழுக்க ஆங்கிலத்தில் பேசுகிறவர்.

சீட்டில் அதற்குக் கீழே ஒரே வரி. 'ஓரளவு நன்றாக வேலை செய்வேன்.' ஓரளவு என்ற வார்த்தை அடிக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலே பொடியாக மறுபடி எழுதப்பட்டிருந்தது. அதுவும் அடிக்கப்பட்டிருந்தது. மூன்றாவதாக ஓரத்தில் எழுதியதும் அடிபட்டிருந்ததா, இல்லை மை பரவியிருந்ததா என்று ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். அடித்ததுதான். அவர் மனம் மாறி வருவதற்குள் கட்டத்தை நிரப்பி, உறையில் போட்டு ஒட்டி, நானே தபாலில் சேர்த்தேன்.

கிடைத்தது. தஞ்சாவூர் போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரம் அங்கிருந்து மூன்று நிமிட டிரங்க் காலில் கூப்பிட்டார். ஊர், வீடு, தண்ணீர் வசதி என்று எதையெதையோ பேசினார். நான் நேராகவே கேட்டேன். "வேலை எப்படிக்கா இருக்கு?"

லைனில் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது.

"நல்லாப் பண்றேன்" என்றார். உடனே, "லைன் சரியில்லீங்க. உங்களுக்குச் சரியாக் கேட்டிருக்காது" என்றார்.

"கேட்டுதுக்கா. நன்னாக் கேட்டுது" என்றேன். அதற்குள் மூன்று நிமிடம் முடிந்துவிட்டது.